புளிப்பும் துவர்ப்பும் ஒரே கோப்பையில்: வீட்டு எஸ்பிரெஸோவில் எங்கே தப்பு?

டவரா டம்ளர்

வணக்கம் எல்லோருக்கும். நான்கு மாதமாக வீட்டில் எஸ்பிரெஸோ போடுகிறேன், நான்கு மாதமாக முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் குடிக்கிறேன். மெஷின் சிறியது, 51 மி.மீ. கைப்பிடி (தூள் போடும் சல்லடைக் கிண்ணம், அதாவது பாஸ்கெட், இதில்தான் உட்காரும்), டப்பாவின் மேல் 15 பார் அழுத்தம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ரகம். முதல் இரண்டு மாதம் தெருமுனைக் கடையில் அரைத்துத் தந்த பில்டர் காபிப் பொடியையே போட்டேன், அதில் சிக்கரி 20 சதவீதம் வேறு, சிரிக்காதீர்கள். மெஷினோடு வந்த இரட்டைச் சுவர் பாஸ்கெட்டில் நுரை என்னவோ அழகாக நின்றது, ருசிதான் கஷாயம். அப்புறம் நாலு வீடியோ பார்த்துவிட்டு ஒற்றைச் சுவர் பாஸ்கெட், எஸ்பிரெஸோவுக்கு என்று விற்கும் கைகிரைண்டர், சிக்மகளூர் கொட்டை கால் கிலோ எல்லாம் வாங்கினேன்.

இப்போது சிக்கல் வேறு விதம். காபி கசக்கிறது. கசந்தால் அரைவையைக் கொரகொரப்பாக்கு என்றார்கள், ஆக்கினால் புளிக்கிறது. புளித்தால் நைசாக்கு என்றார்கள், நைசாக்கினால் புளிப்பும் போகவில்லை, கூடவே அந்தக் கசப்பும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் நாக்குதான் கெட்டுவிட்டதா, இல்லை மெஷினா, கொட்டையா? வீட்டம்மா நேற்று ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை அப்படியே என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பழைய பில்டர்

தம்பி, பித்தளை பில்டரில் இரவே பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்தால் காலையில் டிகாஷன் தயார். கரண்டும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம்.

அரைவைக்காரன்

பெரியவருக்கு வணக்கம், பில்டர் காபியை யாரும் குறை சொல்லவில்லை, காலையில் நானும் அதுதான்.

டவரா, நான்கு விவரம் கொடுங்கள். எத்தனை கிராம் தூள், கோப்பையில் இறங்கியது எத்தனை கிராம், பட்டனை அழுத்தியதிலிருந்து எத்தனை வினாடி, கொட்டை வறுத்த தேதி என்ன. மில்லிக் கணக்கு வேண்டாம், நுரை இருப்பதால் மில்லி ஏமாற்றும். கோப்பையைத் தராசில் வைத்து கிராமில் சொல்லுங்கள்.

இன்னொன்று. கசக்கிறது என்கிறீர்களே, எந்தக் கசப்பு? பாகற்காய், வேப்பம்பூ மாதிரி அடிநாக்கில் தங்குவதா? இல்லை, பாக்கு மென்றால் கன்னத்தை உள்ளே இழுத்துப் பிடிக்குமே, அதுவா? நான் பெங்களூரில் ஐந்து வருடம் கஃபே கவுண்ட்டரில் நின்றவன். புளிப்பு, கசப்பு, துவர்ப்பு மூன்றையும் சேர்த்து 'கசக்குதுங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் நிறைய. அறுசுவையில் துவர்ப்புக்கு என்று தனிப் பெயர் வைத்திருக்கிற பாஷை நம்முடையது, அந்த வசதியை ஏன் விட வேண்டும்.

டவரா டம்ளர்

தராசு வாங்க இரண்டு நாள் ஆகிவிட்டது, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு. வாங்கியதும்தான் என் லட்சணம் தெரிந்தது. கரண்டியால் தலைதட்டி இரண்டு போட்டால் ஒரு தடவை 13 கிராம், அடுத்த தடவை 16.8. கோப்பையில் 'போதும்' என்று நான் கண்ணளவில் நிறுத்துவது 58 கிராம், அதுவும் 19 வினாடியில். பையில் வறுத்த தேதி கிடையாது, பேக் செய்த தேதி மட்டும்தான், அது ஐந்து மாதத்துக்கு முந்தியது.

ருசியைப் பற்றி: இன்று கண்ணை மூடிக்கொண்டு, வேறு யோசனை இல்லாமல் குடித்தேன். பாகற்காய் இல்லவே இல்லை. வாயில் வைத்ததும் எலுமிச்சை மாதிரி சுரீர் என்று ஒரு புளிப்பு, விழுங்கிய பிறகு நாக்கு வறண்டு, பல்லில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி. வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் எப்படியோ அப்படி.

அரைவைக்காரன்

அப்படியென்றால் உங்கள் காபி கசக்கவில்லை. புளிக்கிறது, துவர்க்கிறது. நீங்கள் இத்தனை நாளும் இல்லாத கசப்புக்கு வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள்.

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தூளிலிருந்து எல்லாம் ஒரே நேரத்தில் இறங்காது. முதலில் புளிப்பும் உப்பும், அப்புறம் இனிப்பும் கேரமல் வாசனையும், கடைசியில்தான் கசப்பும் துவர்ப்பும். தண்ணீர் தூள் முழுவதிலும் சீராகப் போனால் நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி மூன்றையும் சமன் செய்யலாம். போகாவிட்டால்? வரப்பு உடைந்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எல்லாம் உடைப்பு வழியாக ஓடிவிடும், பக்கத்துப் பாத்தி காய்ந்து கிடக்கும். உடைப்பு விழுந்த இடத்துத் தூளைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறது, துவர்ப்பு அங்கிருந்து வருகிறது. மற்ற இடத்துத் தூள் அரைகுறையாக நனைந்து புளிப்பை மட்டும் விடுகிறது. இதற்கு சேனலிங் என்று பெயர். புளிப்பும் துவர்ப்பும் ஒரே கோப்பையில் என்று யாராவது சொன்னால் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். அரைவையை எந்தப் பக்கம் திருகினாலும் உங்களுக்கு விடிவு இல்லாததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

நாளைக்கு இதைச் செய்யுங்கள். 15 கிராம் தூள், கோப்பையில் 30 கிராம், 25 முதல் 30 வினாடிக்குள். 18-க்கு 36 என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருப்பார்கள், அது 58 மி.மீ. பாஸ்கெட்காரர்களுக்கு. உங்களுடையதில் 18 அடைத்தால் தூள் மேலே தண்ணீர் விழும் தட்டில் இடிக்கும், இடித்தாலும் விரிசல்தான்.

அப்புறம் மூன்று டம்ளர் எடுத்துக்கொண்டு ஒரே காபியைப் பத்துப் பத்து வினாடியாக மாற்றி மாற்றிப் பிடித்துத் தனித்தனியாகக் குடித்துப் பாருங்கள். முதல் டம்ளர் குடிக்கவே முடியாது, சுண்டக் காய்ச்சிய புளித்தண்ணீர். மூன்றாவது வெளிறிப்போய் பாக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். நடுவில் இருப்பதுதான் நீங்கள் தேடுவது, ஆனால் அதை மட்டும் குடித்தாலும் சப்பென்று இருக்கும். ஒரு தடவை இதைச் செய்தவருக்கு வீடியோ தேவைப்படாது.

டப்பாவில் இருக்கும் 15 பார் கணக்கை மறந்துவிடுங்கள். பம்ப் தம் கட்டித் தள்ளினால் எவ்வளவு என்பது அது. காபிக்கு வேண்டியது 9 பார் சுமார். 1901-இல் பெட்ஸேரா என்ற இத்தாலியர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பழைய மெஷின்கள் நீராவி அழுத்தத்தில் ஓடியவை, ஒன்றரை பார் கிட்டத்தட்ட, அதில் நுரையே கிடையாது. நாம் கிரீமா என்று கொண்டாடும் நுரை, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு மிலானில் கஜியா என்பவர் ஸ்பிரிங் லீவர் வைத்து அழுத்தத்தை எட்டு ஒன்பது பாருக்கு ஏற்றியபோது வந்தது. மெஷினில் குறை இல்லை என்று சொல்ல வந்தேன், எங்கோ போய்விட்டேன்.

சல்லடை

குறுக்கே ஒரு கேள்வி. கைகிரைண்டர் வாங்கக் காசில்லை. மிக்ஸியில் அரைத்து, ரவை சல்லடையில் சலித்து, நைசை மட்டும் போட்டால் என்ன?

கூடலூர்க்காரி

வீட்டில் காபித் தோட்டம் இருந்தும் நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன், வேண்டாம். மிக்ஸி பிளேடு அரைப்பதில்லை, வெட்டி உடைக்கிறது. பாதி மாவு, பாதி நொய். சலித்த மாவை ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் போட்டால் மெஷின் முனகும், ஒரு சொட்டு வராது. நொய்யைப் போட்டால் குழாய் திறந்த மாதிரி கொட்டும். பிளேடு சூட்டில் வாசனையும் போய்விடும். காசு சேரும் வரை இரட்டைச் சுவர் பாஸ்கெட்டிலேயே கடையில் அரைத்த சிக்கரி இல்லாத பொடியைப் போடுங்கள், அதில் அடியில் ஒரே ஒரு ஊசித்துளைதான் இருக்கும், அரைவை எப்படி இருந்தாலும் அழுத்தத்தை அந்தத் துளை உண்டாக்கிக் கொடுத்துவிடும். நுரை பொய் நுரைதான், ஆனால் பால் ஊற்றினால் நன்றாகவே இருக்கும். சிக்கரி மட்டும் மெஷினில் போகக் கூடாது, அது தண்ணீர் பட்டதும் ஊறிப் பசை மாதிரி ஆகி அடைத்துக்கொள்ளும்.

டவரா அவர்களுக்கு: ஐந்து மாதப் பழைய கொட்டையை வைத்து மெஷினைத் திட்டாதீர்கள். வறுத்த தேதி போட்ட பையாக வாங்குங்கள். புதுசாக இருக்க வேண்டுமே என்று நேற்று வறுத்ததை இன்று போட்டாலும் வராது, உள்ளே இருக்கும் கரியமில வாயு கொப்பளித்துத் தண்ணீரைச் சீராகப் போகவிடாது. வறுத்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள் முடித்தால் சரி. அதற்கு மேல் மிச்சம் இருந்தால் சின்னச் சின்ன டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் சாம்பார் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

எந்தக் கொட்டை என்றால் என் பரிந்துரை, மிதமாக வறுத்த அராபிகா எழுபது, கழுவிப் பதப்படுத்திய ரொபஸ்டா முப்பது. புளிப்பு தானாக அடங்கும், நுரை கெட்டியாக நிற்கும்.

அரைவைக்காரன்

கூடலூர்க்காரி சொன்னதில் கடைசி வரியில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. புளிப்பை அடக்க ரொபஸ்டா போடுவது, ரசத்தில் புளி கூடிவிட்டது என்று தண்ணீர் ஊற்றுவது மாதிரி. முதலில் கை சரியாகட்டும்.

கூடலூர்க்காரி

கஃபேக்காரர்கள் எல்லோரும் ரொபஸ்டா என்றால் மூக்கைச் சுளிப்பீர்கள். எஸ்பிரெஸோவைக் கண்டுபிடித்த இத்தாலிக்காரன் நம் ஊர்க் காபியைக் கப்பல் கப்பலாக வாங்குகிறானே, எதற்கு? அதில் பெரும் பங்கு ரொபஸ்டா. அது போடாவிட்டால் அவன் கோப்பையில் கனமும் நுரையும் வராது. எங்கள் தோட்டத்துச் சரக்கு என்பதால் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

டவரா டம்ளர்

மூன்று டம்ளர் சோதனை முடிந்தது. அரைவைக்காரன் சொன்னது அப்படியே நடந்தது, ஆனால் ஒரு வித்தியாசம், எனக்கு நடு டம்ளரிலேயே துவர்ப்பு ஆரம்பித்துவிட்டது.

சேனலிங் என்றதும் ஆர்வக் கோளாறில் அடிப்பாகம் இல்லாத கைப்பிடி ஒன்று வாங்கினேன், பாஸ்கெட்டின் அடி நேராகத் தெரியுமே, அது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் ஒரு கோப்பை போட்டுவிட்டுப் போகலாம் என்று வெள்ளை வேட்டியோடு நின்றேன். பட்டனை அழுத்திய ஏழாவது வினாடி மூன்று இடத்திலிருந்து பீச்சாங்குழல் மாதிரி அடித்தது. ஒன்று சுவரில், ஒன்று மிக்ஸியில், ஒன்று வேட்டியில். கல்யாணத்துக்குப் பேண்ட் போட்டுக்கொண்டு போனேன். காபித் தூள் வட்டைத் தட்டிப் பார்த்தால் ஓரத்தில் இரண்டு ஓட்டை, பென்சில் முனையால் குத்திய மாதிரி.

ஆக உடைப்பு நிஜம்தான். எப்படி அடைப்பது? நான் நன்றாக அழுத்தித்தான் வைக்கிறேன், உடம்பு எடையெல்லாம் கொடுத்து.

அரைவைக்காரன்

வேட்டிக்கு அனுதாபங்கள். அழுத்துவதில் பலம் ஒரு விஷயமே இல்லை. முப்பது பவுண்டு அழுத்து என்று பழைய புத்தி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. தூள் இதற்குமேல் இறங்காது என்ற இடம் வரை அழுத்தினால் போதும், அதற்குமேல் உங்கள் தோள்தான் வலிக்கும். சாய்வில்லாமல் சமமாக அழுத்த வேண்டும், அவ்வளவே.

அடைப்பு வேலை அதற்கு முன்பே நடக்க வேண்டும். கைகிரைண்டரிலிருந்து தூள் கட்டி கட்டியாக விழும், அந்தக் கட்டிகளுக்கு இடையில் உள்ள சந்தில்தான் தண்ணீர் வழி பிடிக்கிறது. 2005-இல் ஜான் வைஸ் என்ற அமெரிக்கர் ஒரு வழி சொன்னார், இன்றைக்கு உலகம் முழுக்க அவர் பெயரிலேயே அது நடக்கிறது. அடியை வெட்டிய தயிர் டப்பாவைப் பாஸ்கெட் மேல் புனல் மாதிரி வைத்து, தூளைக் கொட்டி, ஊசியால் அடி முதல் மேல் வரை கிளறி விடுவது. ஊசி மெல்லியதாக இருக்க வேண்டும், 0.3, 0.4 மி.மீ. தையல் ஊசி தடிமன், அது ஏர் ஓட்டிக் கோடு போட்டுவிடும்.

அரைக்கும் முன் கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்குங்கள். தூள் கிரைண்டர் சுவரில் ஒட்டாது, கட்டியும் குறையும்.

நுண்துகள்

அந்த ஒரு சொட்டுத் தண்ணீர் விஷயம் ஏதோ கைவைத்தியம் என்று நினைத்திருந்தேன். 2023-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஹெண்டன் குழு எரிமலைச் சாம்பலில் மின்னேற்றம் படிப்பவர்களோடு சேர்ந்து அதை அளந்தே காட்டிவிட்டது. அரைக்கும்போது உராய்வில் தூளுக்கு மின்னேற்றம் வருகிறது, கட்டி கட்டுவது அதனால். ஈரம் இருந்தால் அது குறைகிறது.

அதே ஹெண்டன் பங்கெடுத்த 2020 ஆய்வு ஒன்று டவராவின் சிக்கலுக்கு இன்னும் நெருக்கம். நைசாக்க நைசாக்கக் காபி கூடுதலாக இறங்கும் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம். ஒரு எல்லை வரைதான் அது உண்மை, அதைத் தாண்டி நைசாக்கினால் சில இடம் அடைத்துக்கொண்டு, தண்ணீர் மற்ற இடத்தில் வழி தேடி, மொத்தத்தில் இறங்குவது குறைந்துவிடுகிறது என்று கணக்குப் போட்டும் கஃபேயில் போட்டுப் பார்த்தும் சொன்னார்கள். நைசாக்கினாலும் புளிப்பு போகவில்லை என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்களே. உங்கள் நாக்கு கெடவில்லை.

டவரா டம்ளர்

நுண்துகள், அந்தக் கடைசி வரியை வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். பலன் இல்லை.

பத்து நாளாகச் செய்தவை: 3டி பிரிண்டர் மூக்கைச் சுத்தம் செய்யும் 0.4 மி.மீ. ஊசிகள் இணையத்தில் கிடைத்தன, ஆறு ஊசியைப் பழைய தெர்மாஸ் கார்க்கில் குத்திக்கொண்டேன். தயிர் டப்பா வீட்டிலேயே இருந்தது. வறுத்து எட்டு நாளான கொட்டை, மிதமான வறுவல், ரொபஸ்டா கலக்காதது (கூடலூர்க்காரி மன்னிக்கவும், அடுத்த பை உங்கள் கணக்கு). அரைவையை நான்கு கிளிக் கொரகொரப்பாக்கினேன். 15 கிராம், 30 கிராம், 27 வினாடி.

பீச்சுவது நின்றுவிட்டது. அடியில் முதலில் அங்கங்கே முத்து முத்தாக வந்து, அப்புறம் எல்லாம் சேர்ந்து நடுவில் எலிவால் மாதிரி ஒரே இழையாக இறங்குகிறது, அதைப் பார்க்கவே இரண்டு கோப்பை கூடுதலாகப் போட்டேன். துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லை. முதல் தடவையாக ஒரு இனிப்பு, வெல்லப்பாகு வாசனையோடு.

ஆனால் புளிப்பு இன்னும் முன்னால் வந்து நிற்கிறது. முன்பு மாதிரி சுரீர் இல்லை, இருந்தாலும் கூர்மை. 36 கிராம் வரை விட்டுப் பார்த்தேன், கொஞ்சம் தணிந்தது, கூடவே தண்ணீராகவும் ஆனது.

அரைவைக்காரன்

நல்ல முன்னேற்றம். சூடு பார்த்தீர்களா? இந்த மாதிரிச் சின்ன மெஷின்களில் விளக்கு பச்சையானதும் தயார் என்று அர்த்தமில்லை, தண்ணீர்தான் சூடு, இரும்பு குளிர்ந்தே கிடக்கும். கைப்பிடியை மாட்டி, தூள் போடாமல் ஒன்றிரண்டு தடவை வெறும் தண்ணீர் விட்டு, கோப்பையையும் அதிலேயே சூடாக்கிக்கொள்ளுங்கள். 92, 93 டிகிரி தூளைத் தொட வேண்டும், குளிர்ந்த இரும்பு அதில் பல டிகிரியைத் தின்றுவிடும். சூடு குறைந்தாலும் புளிப்புதான்.

அப்புறம் எந்தத் தண்ணீர்?

டவரா டம்ளர்

சூடு அன்றிலிருந்தே அப்படித்தான் செய்கிறேன். தண்ணீர் ஆர்ஓ. நாங்கள் இருப்பது மடிப்பாக்கம், போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 900-க்கு மேல், ஆர்ஓ இல்லாமல் வாயில் வைக்க முடியாது. ஆர்ஓவில் வருவது 20.

நுண்துகள்

அங்கே இருக்கிறது மீதிப் புளிப்பு.

காபியில் உள்ள அமிலத்தைத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆர்ஓ அதையும் சேர்த்து வடித்துவிடுகிறது, தடுக்க ஆள் இல்லாமல் புளிப்பு அப்படியே கோப்பைக்கு வருகிறது. ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் சொல்லும் இலக்கு டிடிஎஸ் 150 அளவில், காரத்தன்மை, அதாவது புளிப்பை மட்டுப்படுத்தும் அந்தப் பைகார்பனேட்டின் அளவு, 40-க்கு மேல். உங்களுடையது 20 என்றால் காரத்தன்மை ஏறக்குறைய பூஜ்யம்.

சல்லடை

அப்ப சிம்பிள். ஒரு பங்கு போர், ஒன்பது பங்கு ஆர்ஓ. கணக்குப் போட்டேன், 108 வருகிறது.

நுண்துகள்

கணக்கு சரி, தண்ணீர் சரியில்லை. டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. சென்னையின் தென்பகுதியில் அந்த 900-இல் எவ்வளவு உப்பு என்று யாருக்குத் தெரியும். குளோரைடு மெஷினின் உள்ளே அரிக்கும், சுண்ணாம்பு படியும். போரை விட்டுவிடுங்கள்.

இதைவிட எளிது ஆப்ப சோடா. 5 கிராம் சோடாவை அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 10 மில்லி எடுத்து ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கலந்தால் லிட்டருக்கு 0.1 கிராம் ஆகிறது. காரத்தன்மை 60 சுமார் வரும், கால்சியம் சேராததால் மெஷினில் சுண்ணாம்பும் படியாது. வெளிநாட்டில் இதையே பொட்டாசியம் பைகார்பனேட்டில் செய்கிறார்கள், அது கிடைத்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் மளிகைக்கடைச் சோடா போதும். ருசி மழுங்கிவிட்டது என்று தோன்றினால் 10-ஐ 7 ஆக்குங்கள். கூடிப்போனால் காபி சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி உயிரில்லாமல் இருக்கும்.

டவரா டம்ளர்

செய்துவிட்டேன். நம்பவில்லை என்றுதான் செய்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதே கொட்டை, அதே அரைவை, அதே 27 வினாடி. ஒரு கோப்பை வெறும் ஆர்ஓ, ஒரு கோப்பை சோடாத் தண்ணீர், எது எது என்று எனக்கே தெரியாமல் மகளை விட்டு மாற்றி வைக்கச் சொன்னேன். இரண்டாவது டம்ளரைக் குடித்ததும் இதுதான் என்று சொல்லிவிட்டேன். புளிப்பு இருக்கிறது, ஆரஞ்சுச் சுளை மாதிரி, முன்பு இருந்தது எலுமிச்சை. எனக்கு 8 மில்லி பிடித்திருக்கிறது.

வீட்டம்மா ஒரு வாய் குடித்தாள். டம்ளர் நகரவில்லை. 'பால் ஊற்றித் தா' என்றாள், அது வெற்றியா தோல்வியா என்று தெரியவில்லை.

பால் என்றதும் ஒரு புதுத் தொல்லை. சனிக்கிழமை மைத்துனர் வீட்டார் வந்தார்கள், ஐந்து பேருக்குப் போட்டேன். முதல் கோப்பை அருமை. அதற்குப் பால் நுரைத்துவிட்டு இரண்டாவதைப் போட்டால் இந்தத் தடவை சந்தேகமே இல்லாத பாகற்காய்க் கசப்பு. கருகின வாசனையும். மூன்றாவதும் அப்படியே.

அரைவைக்காரன்

வாழ்த்துகள், இப்போது மூன்று சுவையும் தனித்தனியாகத் தெரிகிறதே.

பால் நுரைக்க மெஷின் நீராவிச் சூட்டுக்கு ஏறும். உடனே அடுத்த காபியைப் போட்டால் கொதிக்கிற தண்ணீர் தூளில் விழுகிறது. நீராவி மூடிய பிறகு வெறும் தண்ணீரை ஒரு டம்ளருக்கு விடுங்கள், முதலில் புஸ் புஸ் என்று ஆவியும் தண்ணீருமாகத் துப்பும், அமைதியாக ஒழுக ஆரம்பித்ததும் சூடு இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஆட்கள் நிறைய வந்தால் எல்லாக் காபியையும் முதலில் இறக்கிவிட்டு, பாலைக் கடைசியில் மொத்தமாக நுரையுங்கள். இன்னொன்று, பாஸ்கெட்டையும் தண்ணீர் விழும் தட்டையும் வாரம் ஒரு தடவை கழற்றிக் கழுவுவதை விடாதீர்கள், பழைய காபி எண்ணெய் சிக்குப் பிடித்தாலும் அதே கருகல் வரும்.

கூடலூர்க்காரி

ஐந்து பேருக்குப் பாலோடு என்றால் இனியாவது முப்பது சதவீத ரொபஸ்டா வாங்குங்கள். பாலுக்குள் அராபிகா காணாமல் போய்விடும். அரைவைக்காரன் இதற்கும் சண்டைக்கு வருவாரா?

அரைவைக்காரன்

பாலுக்கு என்றால் வரமாட்டேன்.

பழைய பில்டர்

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வந்ததிலிருந்து டிகாஷன் ஒரு மாதிரி விறுவிறுவென்று புளித்துக்கொண்டே இருந்தது. பொடியில் கலப்படம் என்று இரண்டு கடை மாற்றினேன், ஒரு கடைக்காரரிடம் வாய்ச்சண்டையும் ஆயிற்று. இங்கேயும் ஆர்ஓதான். நேற்று மருமகளிடம் ஆப்ப சோடா வாங்கிக் கலந்து பில்டரில் ஊற்றி வைத்தேன், காலையில் பழைய டிகாஷன் மாதிரியே இருந்தது. ஆனால் நான் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டேன். லிட்டருக்கு எத்தனை மில்லி என்று இன்னொரு தடவை சொல்லுங்கள்.

டவரா டம்ளர்

5 கிராம் சோடா அரை லிட்டரில், அதிலிருந்து லிட்டருக்கு 8 முதல் 10 மில்லி, பெரியவரே. ஆப்ப சோடாதான், பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள், டப்பா இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.